பரீட்சைக்காக நின்ற தறிகள்

சாயங்காலம் ஆறு மணிக்குத் தறிகள் நின்றன. அந்த நேரத்திலிருந்துதான் எல்லாம் கெடத் தொடங்கியது. அன்றைக்கு எனக்கு அது நல்ல நேரமாகத்தான் தெரிந்தது. மாசி மாதத் தொடக்கம், திங்கட்கிழமை. என் கணவர் எங்கள் வீட்டு விசைத்தறிகள் இரண்டையும் நிறுத்தினார். உடனே பக்கத்து வீட்டில் நின்றது, எதிர் வீட்டில் நின்றது, அப்படியே தெருக்கோடி வரைக்கும் ஒவ்வொன்றாக நின்றுகொண்டே போயிற்று. கடைசித் தறியும் நின்றபோது ஸ்டேஷனில் ஏதோ ஒரு வண்டி ஊதுவது கேட்டது. அதற்கு முன் ஒரு நாளும் சமையலறையில் நின்றபடி அந்தச் சத்தத்தைக் கேட்டதாக எனக்கு நினைவே இல்லை.

கூடத்தில் என் மகள் கணக்குப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இப்போ படி" என்றேன்.

அவள் புத்தகத்தைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தாள்.

அப்போது அவள் பத்தாம் வகுப்பு. பொதுத் தேர்வுக்கு ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேல் இருந்தது. தேறினால் மேலே படிப்பாள், அதற்கு அவளுடைய அப்பாவும் ஒப்புக்கொண்டிருந்தார். தேறாவிட்டால் என்ன என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. எங்கள் தெருவில் இரண்டாம் தடவை பரீட்சை எழுதிய பெண் கிடையாது. பையன்கள் எழுதினார்கள், மூன்று தடவைகூட எழுதினார்கள். பெண்கள் ஒரு தடவை தவறினால் மறுநாளிலிருந்து தார் சுற்ற உட்கார்ந்துவிடுவார்கள். தார் என்றால் தறியில் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற, ஊடை நூல் சுற்றிய சின்னக் குச்சி. ஒரு தறிக்கு நாளெல்லாம் அது வேண்டும். சுற்றச் சுற்றத் தீரும். அந்த வேலையை நான் பதினேழு வருஷமாகச் செய்துகொண்டிருந்தேன், பழைய பதினோராம் வகுப்பை முடித்த கையோடு கல்யாணமாகி வந்ததிலிருந்து.

என் பிறந்த வீட்டில் தறி இல்லை. அப்பா தறியை விட்டு அரசாங்க வேலைக்குப் போனவர். திருவாலங்காட்டுப் பக்கம், சுற்றிலும் கரும்புத் தோட்டம். நான் படித்ததெல்லாம் சத்தமே இல்லாத ஒரு வீட்டில். படிப்பு என்றாலே எனக்கு அந்த வீடுதான் ஞாபகம் வரும்.

என் மகள் படித்த விதமே வேறு. சின்ன வயதிலிருந்து தறிக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் சாக்கைப் போட்டு உட்கார்ந்து, உரக்கக் கத்திப் படிப்பாள். அவள் கத்துவது அவளுக்கே கேட்காது. வாய் அசைவதைத்தான் நாங்கள் பார்ப்போம். அப்படியே படித்து ஒன்பதாம் வகுப்பு வரை நல்ல மார்க்கில்தான் வந்தாள். பத்தாம் வகுப்பு அரையாண்டில் கணக்கு சறுக்கியது. அரக்கோணத்திலிருந்து ரயிலில் வந்து போகிற கணக்கு டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "வீட்ல பிள்ளை படிக்கிறதுக்கு அமைதியான இடம் இருக்காம்மா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான் அது. ஆனால் வீட்டுக்குத் திரும்பி நடந்து வரும்போது அந்தக் கேள்வி எனக்குள் பெரிதாகிக்கொண்டே வந்தது.

கணவரிடம் சொன்னபோது சிரித்தார்.

"தறி வூட்ல அமைதிக்கு எங்க போறது? நம்மளுத நிறுத்தினாலும் பக்கத்து வூட்ல ஓடுது. அத இன்னா பண்ணுவ?"

"அவங்களையும் நிறுத்தச் சொல்லுவேன்."

"சொல்லு சொல்லு. அப்டியே மலை மேல கோயில்ல மணி அடிக்கிறதயும் நிறுத்தச் சொல்லிட்டு வா."

நான் உண்மையாகவே போனேன். வீடு வீடாகப் போய்க் கேட்டேன். சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரைக்கும், பரீட்சை முடிகிற வரைக்கும் மட்டும். ஓட்டம் குறைந்தால் கூலி குறையும் என்பது எனக்குத் தெரியாதா? அதனால் ஒவ்வொரு வாசலிலும் தலை குனிந்துதான் நின்றேன். யாரும் முகத்தைத் திருப்பவில்லை. எதிர் வீட்டுக்காரர் என் கணவருக்கு அண்ணன் முறை. அவர்தான் முதலில் சரி என்றவர்.

"விடிகாலைல ரெண்டு மணி நேரம் முன்னாடி எழுந்து ஓட்டிக்கிறோம், வுடும்மா. ஆனா ஒண்ணு. பொண்ணு கலெக்டரா வந்தா மொதல்ல நம்ம தெருவுல சாக்கடைய தூர் வாரச் சொல்லணும்."

"அவ கணக்குல தேறட்டும் மாமா, அப்புறம் பாக்கலாம்."

"அதெல்லாம் தேறிடும். தெருவே நிறுத்தறோம், தேறாம எங்க போவும்?"

அந்தப் பேச்சைத் தெருவில் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். எனக்கும் அப்போது அது இனிக்கத்தான் செய்தது.

முதல் நாள் தறிகள் நின்று கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. பின் தெருவிலிருந்து ஒருவர் தோளில் துண்டோடு வேகவேகமாக வந்தார். எங்கள் வீட்டு வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்து, தணிந்த குரலில் கேட்டார்.

"யாரும்மா போயிட்டாங்க?"

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. எதிர் வீட்டுக்காரர்தான் அங்கிருந்து பதில் சொன்னார்.

"யாரும் போவல. பொண்ணு படிக்குது."

"படிக்கிறதுக்கா தறிய நிறுத்தினீங்க?"

"ஆங். கணக்குப் பாடம்."

"அடப் பாவிங்களா! பாதி சோத்துல கை கழுவிட்டு ஓடியாறேன். வூட்ல வேற அழ ரெடியா நிக்கிறாங்க."

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த மனிதர் கேட்டதில் விசித்திரம் எதுவும் இல்லை. நெசவுத் தெருக்களில் ஒரு வழக்கம் உண்டு. தெருவில் ஒரு சாவு விழுந்தால் பிணம் எடுக்கிற வரைக்கும் அந்தத் தெருவில் ஒரு தறியும் ஓடாது. மின்சாரம் போனாலும் தறி நிற்கும்தான், ஆனால் அப்போது விளக்கும் சேர்ந்து அணையும். விளக்கு எரிந்துகொண்டிருக்க, தறி மட்டும் நிற்பது சாவுக்குத்தான். இது எனக்குத் தெரிந்த சங்கதி. கல்யாணமாகி வந்த பிறகு தெரிந்துகொண்ட சங்கதி. என் மகள் அந்தத் தெருவில் பிறந்தவள். அவளுக்கு அது தெரிந்துகொண்ட விஷயமாக இருந்திருக்க முடியாது, பசி மாதிரி உடம்போடு வந்திருக்கும். இந்த வித்தியாசம் எனக்கு உறைக்க நாளாயிற்று.

முதல் இரண்டு மூன்று நாட்கள் வழக்கம்போல உரக்கத்தான் படித்தாள். நிசப்தத்தில் அவள் குரல் தெருவின் இரண்டு முனைக்கும் போனது. தறி நிறுத்திவிட்டு வேலையில்லாமல் வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் வேறென்ன செய்வார்கள், அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலையில் குழாயடியில் அவளை நிறுத்தி வைத்து விசாரிப்பார்கள்.

"நேத்து ஏழரைக்கு மேல சத்தமே இல்ல. இன்னா, தூங்கிட்டியா?"

"இல்ல அத்த. கணக்கு போட்டுகினு இருந்தேன். அதுக்கு சத்தம் வராது."

"நாங்க கொசு அட்ச்சிகினு குந்திகினு இருக்கோம், நீ தூங்கினா நல்லாருக்குமா?"

விளையாட்டுப் பேச்சுதான். பக்கத்து வீட்டில் இன்னும் பள்ளிக்கூடம் போகாத ஒரு வாண்டு, அமிலத்துக்கும் காரத்துக்கும் உள்ள வேறுபாட்டை அப்படியே ஒப்பிக்கும். என் மகள் திக்குகிற இடத்தில் அதுவும் அதே மாதிரி திக்கும். மூன்றாம் நாள் எல்லோரும் அதைத் தூக்கி வைத்துக்கொண்டு கொஞ்சினார்கள். அன்றைக்கு ராத்திரியிலிருந்து என் மகள் உரக்கப் படிப்பதை நிறுத்திவிட்டாள். வாயை மூடிக்கொண்டு புத்தகத்தைப் பார்த்தபடி இருப்பாள். நான் எதிரில் உட்கார்ந்து அவளைப் பார்த்தபடி இருப்பேன். பக்கம் திருப்புகிற சத்தம் கேட்காவிட்டால் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். "என்ன, அதே பக்கத்திலேயே இருக்கே?" என்பேன். உடனே ஒரு பக்கம் திருப்புவாள். படித்துவிட்டுத் திருப்புகிறாளா, எனக்காகத் திருப்புகிறாளா என்று அடுத்த கவலை வரும்.

ஒரு நாள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"அம்மா, தறிய ஓட்டச் சொல்லும்மா."

"ஏன்?"

"காதுல ங்கொய்ன்னு இரையுது. சாவு வூட்ல குந்தி படிக்கிற மாதிரி இருக்குது."

"வாயைக் கழுவு. உனக்காகத் தெருவே கூலியை விட்டுட்டு உக்காந்திருக்கு. நீ இப்படிப் பேசுறது அவங்க காதில் விழுந்தா என்ன நினைப்பாங்க?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அதான்மா" என்றாள். நான் அதைப் படிக்கச் சோம்பல்பட்டுச் சொல்கிற சாக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

திருப்புதல் தேர்வில் கணக்கில் அரையாண்டைவிடக் குறைவாக வாங்கினாள். அறிவியலும் கூடவே இறங்கியது. இன்னும் அமைதி போதவில்லை என்பதுதான் எனக்குத் தோன்றியது. தெருமுனை டீக்கடையில் ரேடியோவைக் குறைக்கச் சொல்லிக் கேட்டேன். ஒன்பது மணியைப் பத்தாக்க முடியுமா என்று எதிர் வீட்டு மாமாவைக் கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "செய்யலாம்மா" என்றார். இந்தத் தடவை கலெக்டர் பேச்சு வரவில்லை. விடியற்காலையில் எழுந்து தறி ஓட்டி ஓட்டி அவர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மற்றவர்களும் அப்படித்தான். என் கணவர் ஒருநாள் தறியைத் துடைத்துக்கொண்டே, "போதும் வுடுன்னா கேக்க மாட்ட" என்றார். எனக்கும் களைப்புதான். தூக்கமே இல்லை. படுத்தால் சமன்பாடுகள் வரும், அவற்றை நான் போட்டுக்கொண்டிருப்பேன், விடை வராது.

இதையெல்லாம் சொல்லும்போது கேட்பவர்கள் நடுவிலேயே, பெண் தேறினாளா என்று கேட்கிறார்கள். தேறினாள். மேலே படித்தாள், இப்போது வேலையிலும் இருக்கிறாள். ஆனால் அதை அறிந்துகொண்டதால் அந்த வியாழக்கிழமைச் சாயங்காலம் எனக்குக் கொஞ்சம்கூடச் சின்னதாகவில்லை.

அன்றைக்குப் பரீட்சைக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. பள்ளிக்கூடம் நாலு மணிக்கு விடும், நாலரைக்குள் வந்துவிடுவாள். ஐந்தாயிற்று. சிறப்பு வகுப்பாக இருக்கும் என்று நினைத்தேன். ஐந்தரைக்கு நானே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்த காவல்காரர், எல்லோரும் நாலு மணிக்கே போய்விட்டார்கள் என்றார். வீட்டுக்கு ஓடி வந்தேன். நான் தெருவுக்குள் நுழையவும் மணி ஆறு ஆகவும் சரியாக இருந்தது. யாருக்கும் ஒன்றும் தெரியாதே. வழக்கம்போல ஒவ்வொன்றாகத் தறியை நிறுத்தினார்கள்.

கணவரிடம் சொன்னேன். அவர் உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எங்கே போகிறேன் என்று சொல்லவில்லை. ஸ்டேஷன் பக்கம் திரும்பியதைப் பார்த்தேன். ஏன் அந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். பரீட்சைக் காலத்தில் ரயில் பாதையைப் பற்றி எல்லா ஊரிலும் ஏதாவது ஒரு கதை இருக்கும், எங்கள் ஊரிலும் இருந்தது.

எதிர் வீட்டு மாமா, அவள் கூடப் படிக்கிற பெண்ணைத் தேடிக்கொண்டு கே.ஜி.கண்டிகைக்குப் போனார். நான் மலையடிவாரத்துக்குப் போனேன், கோயில் குளமான சரவணப் பொய்கைக்கு. மொட்டை அடித்துக்கொண்டவர்கள் தலைக்குச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு குழந்தை மொட்டை வேண்டாம் என்று அலறிக்கொண்டிருந்தது. நான் படியில் நின்று தண்ணீரையே பார்த்தேன். பச்சையாக, ஆடாமல் இருந்தது. பூ விற்கிற அம்மாவிடம், நீலத் தாவணி, இரட்டைச் சடை, பை மாட்டிய பெண் யாராவது வந்தாளா என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடத்துப் பொண்ணுங்க எல்லாம் நீலத் தாவணிதாம்மா. யாருன்னு சொல்றது?" என்றவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "காலைலேர்ந்து இங்கதான் குந்திகினு இருக்கேன். குளத்துல ஒண்ணும் நடக்கல, போ" என்றாள்.

எனக்கு அந்த நேரத்தில் கிடைத்த ஒரே நல்ல வார்த்தை அதுதான். திரும்பி நடந்தேன்.

எங்கள் தெருமுனைக்கு வரும்போது நன்றாக இருட்டிவிட்டது. அங்கே நின்று தெருவைப் பார்த்தேன். எல்லா வீட்டிலும் விளக்கு எரிகிறது. ஒரு தறியும் ஓடவில்லை. ஆண்கள் தோளில் துண்டோடு வாசலில் நிற்கிறார்கள். பெண்கள் எங்கள் வீட்டு முன்னால் கூடி நின்று மெதுவாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு வழி விட்டார்கள்.

இத்தனை நாளும் ஆறு மணி ஆனதும் என் மகள் வாசலில் பார்த்தது இதைத்தான் என்று அப்போது தெரிந்தது. இன்றுகூட எங்காவது ஒரு தெருவில் ஓடிக்கொண்டிருக்கிற தறி சட்டென்று நின்றால் எனக்குக் கால் நகர்வதில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். "தறிய ஓட்டச் சொல்லு" என்றேன் அவளிடம்.

"இப்பவாக்கா? பொண்ணு வரட்டும். நல்லாருக்காது."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நான் எல்லோரிடமும் கெஞ்சி வாங்கிய அமைதி, இப்போது வேண்டாம் என்றாலும் யாரும் திருப்பி எடுத்துக்கொள்ளத் தயாராக இல்லை.

கணவர் வந்தார். வேட்டி முழங்கால் வரை முள்ளும் கரியுமாக இருந்தது. "ஸ்டேஷன்ல இல்ல. லைன் ஓரமா பாலம் வரிக்கும் நடந்து பாத்துட்டேன்" என்றார். சைக்கிளைச் சுவரில் சாய்க்காமல் அப்படியே கீழே விட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். எதிர் வீட்டு மாமாவும் கே.ஜி.கண்டிகையிலிருந்து வெறுங்கையோடு வந்தார். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாமா என்று யாரோ கேட்டார்கள். பெண் பிள்ளை விஷயம், கொஞ்சம் பொறுங்கள் என்று வேறு யாரோ சொன்னார்கள். எனக்கு எந்தக் குரலும் யாருடையது என்று பிடிபடவில்லை. போகலாம் என்று நான் எழுந்தபோதுதான் தெருமுனையில் இரண்டு பேர் வருவது தெரிந்தது.

ஒருத்தி என் நாத்தனார், கணவரின் தங்கை. அம்மையார்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள் வீட்டில் நாலு தறி, வாய் அந்த நாலு தறிக்கும் மேலே கேட்கும். அவளுக்குப் பின்னால், புத்தகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு என் மகள்.

நான் போய் அவளைப் பிடித்துக்கொண்டேன். அடித்தேனா, அணைத்தேனா என்று எனக்குத் தெரியாது. இரண்டும் என்று பிறகு சொன்னார்கள். நாத்தனார் என் கையை விலக்கினாள்.

"வுடு அண்ணி, வுடு. அழுவறது கிழுவறது எல்லாம் அப்பறம் வெச்சிக்க. கொழந்த பஸ்ல நின்னுகினே வந்துது."

"எங்கடி இருந்தா?" என்றார் என் கணவர்.

"எங்க இருப்பா? எங்க வூட்லதான். பள்ளிக்கூடம் வுட்டு நேரா பஸ் ஏறி வந்துட்டா. இன்னாடி திடீர்னு, அம்மா சண்ட போட்டாளான்னு கேக்கறேன், வாயே தொறக்கல. தறிக்கு நடுவுல சாக்க போட்டுகினு குந்தினா. டீ குட்த்தேன், குடிக்கல. கொஞ்ச நேரம் கழிச்சிப் பாத்தா கண்ண மூடிகினு கத்தறா. எனக்கு இன்னா தெரியும்? பேய் கீய் புட்ச்சிதோன்னு பயந்துட்டேன். கிட்ட போய் வாயப் பாத்தாதான் தெரியுது, பாடம் படிக்கிறா. வூட்ல சொல்லிட்டு வந்தியாடின்னா இல்லன்றா. அப்டியே கைய புட்ச்சி பஸ் ஏத்திகினு வரேன்."

"ஒரு வார்த்த சொல்லிட்டு போவக்கூடாதாம்மா?" என்று கணவர் மகளிடம் கேட்டார்.

அவள் கூடி நின்ற தெருவைப் பார்த்தாள். பிறகு அவரை மட்டும் பார்த்துச் சொன்னாள்.

"சொன்னா வுட்டிருப்பீங்களா நைனா? எல்லாரும் எனக்காக நிறுத்திட்டு குந்தியிருக்காங்க. நான் எழுந்து போறேன்னு எப்டி சொல்றது?"

எதிர் வீட்டு மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். அவருடைய தறி ஓடத் தொடங்கியது. அதன் பிறகு பக்கத்து வீட்டில். பேச வேண்டுமானால் கத்தித்தான் பேச வேண்டும் என்கிற வழக்கமான நிலைமைக்குத் தெரு வந்து சேர்ந்தது. மகளின் தோள் இறங்குவதை, அவள் பையைக் கீழே வைப்பதை நான் பார்த்தேன். இங்கேயே இருந்து படிக்கட்டும், இனி நிறுத்தச் சொல்ல மாட்டேன், எதிரில்கூட உட்கார மாட்டேன் என்றேன். எவ்வளவு உரக்கச் சொன்னேனோ தெரியாது. நாத்தனாருக்குக் கேட்டிருந்தது.

அவள் என் காதருகே வந்து, அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னாள்.

"நீ சொல்லுவ அண்ணி, உன்னால ஆவாது. பரீட்ச முடியிற வரிக்கும் அவ எங்கிட்ட இருக்கட்டும். காலைல மொத பஸ்ல நானே இட்டாந்து பள்ளிக்கூடத்து வாசல்ல வுடறேன், சாயங்காலம் நானே இட்டுகினு போறேன். எங்கண்ணன் வந்து பாக்கட்டும், நான் வேணாங்கல. நீ மட்டும் வராத. கடைசிப் பரீட்ச அன்னிக்கி வா, கோழி அட்ச்சி வெக்கிறேன்."